பின்னால் நின்று பார்த்துச் சொன்னவர்

சேதி வந்தபோது நான் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். டாக்டரம்மா வீட்டுக் கார். பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கிற வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழே கிடந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள திருகைத் தளர்த்தி, எண்ணெயோடு சேர்ந்து வரும் காற்றை வெளியே விட வேண்டும். அன்றைக்கு மிதிக்க உட்கார்ந்திருந்தவர் அந்தக் காரின் டிரைவர் சுடலைமுத்து. எதிர்த்த டீக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து என் கால்மாட்டில் நின்றார்.

"செல்லையா அண்ணாச்சி, நம்ம மைதீன் பாய் மவுத்தாயிட்டாவளாம். காலையில பள்ளிக்குப் போய்த் தொழுதுட்டு வந்து நாற்காலில உக்காந்திருக்காவ. அப்படியே சாஞ்சிட்டாவளாம்."

"சரி" என்றேன். சுடலைமுத்துவிடம், "மிதியும்வே" என்றேன். அவர் மிதிக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். மிதித்தார். நான்கு சக்கரத்துக்கும் காற்று எடுத்தேன். எண்ணெய் டப்பாவை மூடி வைத்தேன். துணியால் ஒவ்வொரு திருகையும் துடைத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பக்கத்துக் கொட்டகையைப் பார்த்தேன். பூட்டுத் தொங்கியது. அந்தப் பூட்டைக் காலையிலேயே பார்த்திருந்தேன், பாய் இன்றைக்குக் கொஞ்சம் பிந்தி வருவார் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. வராததைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். பேசட்டும்.

எங்கள் ஒர்க்ஷாப்காரர்கள் சங்கத்தில் பாய் நினைவாக ஒரு சின்ன மலர் போடுகிறார்கள். "பதினைந்து வருஷம் பக்கத்திலேயே இருந்தவரு நீருதான், நாலு பக்கம் எழுதித் தாரும்" என்றார்கள். புகழ்ந்து எழுத எனக்குத் தெரியாது. ஸ்பேனர் பிடிக்கிற கை இது. ஆனால் பாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதை இந்த நாலு பக்கத்துக்குள் சொல்லாவிட்டால் பிறகு நான் சொல்லவே மாட்டேன். அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மைதீன் பிச்சை அவர்கள் மேலப்பாளையத்துக்காரர். கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், என் கொட்டகைக்கும் அவர் கொட்டகைக்கும் நடுவே ஒரே ஒரு தகரச் சுவர். இடுப்பில் கட்டம் போட்ட சாரம், முழங்கைவரை மடித்த வெள்ளைச் சட்டை. இடது மணிக்கட்டில் வளையல் போலக் கறுப்பு டேப் உருளை. கழுத்தில் எந்நேரமும் ஒரு சின்ன பல்பும் அதிலிருந்து தொங்கும் இரண்டு வயரும். ஒரு வயரை வண்டியின் இரும்பில் வைத்து, மறு வயரை எங்கே சந்தேகமோ அங்கே தொடுவார். பல்ப் எரிந்தால் அதுவரை கரண்ட் வருகிறது என்று அர்த்தம். அதை வைத்துத்தான் எல்லாம் கண்டுபிடிப்பார். வேறு கருவி எதையும் அவர் வாங்கியதில்லை.

எங்கள் உறவு சண்டையில்தான் தொடங்கியது. பிரேக் லைட்டுக்கு உயிர் ஒரு சின்னச் சுவிட்ச். கட்டைவிரல் அளவு. அந்தக் காலத்து டாக்சிக் கார்களில் அது பிரேக் எண்ணெய் ஓடும் குழாயிலேயே திருகியிருக்கும். பிரேக்கை மிதித்தால் எண்ணெய் அழுத்தும். அந்த அழுத்தத்தில் சுவிட்சுக்குள் தகடுகள் ஒட்டும், பின்னால் விளக்கு எரியும். குழாய் மெக்கானிக்காகிய என்னுடையது. வயர் எலக்ட்ரீசியனாகிய அவருடையது. இரண்டும் சேர்கிற இடத்தில் இருக்கும் சுவிட்ச் யாருடையது?

"லைட் எரியலைன்னா அது எலக்ட்ரிக்" என்று நான் வண்டியை அவரிடம் அனுப்புவேன். "எண்ணெய்க் குழாயைத் திறக்கது என் சோலி இல்ல" என்று அவர் திருப்பி அனுப்புவார். டாக்சிக்காரர்கள் இந்தக் கொட்டகைக்கும் அந்தக் கொட்டகைக்குமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு திரிந்தார்கள். ஒரு நாள் ஒருவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, "ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க, நான் டீ குடிக்கப் போறேன்" என்று போய்விட்டார். பின்னால் பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பாய்தான் முதலில் சிரித்தார்.

"சவத்த விடும்வே. நீரு கழத்தும், நீரே மாட்டும். வயரு நான் குடுக்கேன். பொறவு நீரு உள்ள உக்காந்து மிதியும், நான் பின்னால நின்னு பாக்கேன். ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் வண்டி வெளிய போகணும்."

அதுதான் எங்கள் வழக்கமாகிப்போனது. மிதிக்கிறவனுக்குத் தன் வண்டியின் பிரேக் லைட் தெரியாது. அதைப் பின்னால் நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும். நான் உள்ளிருந்து "பாய், எரியுதா?" என்று கத்துவேன். "எரியுதுவே!" என்று பதில் வரும். அந்தப் பதில் வராமல் ஒரு வண்டியும் போகாது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்களைப் போலவே கத்திக் கேலி செய்வார்கள். டீக் கிளாஸை நீட்டி, "பாய், இனிக்குதா?" என்பார்கள். "இனிக்குதுவே!" என்பார் பாய், வாயில் வைப்பதற்கு முன்னாலேயே.

வேலையில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பல்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். பிறகு பல்ப் உட்காருகிற கிண்ணத்தை உப்புத்தாளால் தேய்ப்பார். பாதிப் பழுது அந்தத் துருவிலேயே போய்விடும். பிறகு வயர், அதற்கப்புறம் ஃபியூஸ், சுவிட்ச். "எல்லாத்தையும் பாத்துட்டு, கடைசியாத்தான் ஓட்டுதவரைக் குத்தம் சொல்லணும்" என்பார். இது வெறும் பேச்சு என்று நான் நினைத்திருந்தேன்.

முருகன் கதையை டாக்சி ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு டிரைவர் முன் கண்ணாடிக்குக் கீழே சின்ன முருகன் சிலை வைத்து, பிரேக் மிதித்தால் அதற்குள் விளக்கு எரிகிற மாதிரி வயர் இழுத்திருந்தார். அப்போது அது ஒரு மோஸ்தர். பின்னால் பிரேக் லைட் எரியவில்லை என்று வந்தார். ஏற்கெனவே இரண்டு இடத்தில் சுவிட்சை மாற்றியிருந்தார்கள். பாய் உள்ளே எட்டிப் பார்த்து, "மிதியும்" என்றார். முருகன் எரிந்தார்.

"முருகனுக்குக் கரண்டு வருதுலா? அப்பம் சுவிட்சு மேல குத்தமில்ல. முன்னால இருக்கவருக்கு வருது, பின்னால போகல. நடுவுலதான் எங்கனயோ அறுந்திருக்கு." டிக்கி மூடியின் கீல் பக்கம் கையை விட்டார். திறந்து மூடித் திறந்து மூடி, அங்கே வயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது. டிரைவர் சிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அவரைத்தான் கேட்டேன், அவருதான் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுப் பாய் தொழுகைக்குப் போய்விட்டார்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன் டாக்டரம்மாவின் பழைய கார் பிரேக் லைட் எரியவில்லை என்று வந்தது. ஓட்டி வந்தவர் இதே சுடலைமுத்து. பாய் பல்பையும் வயரையும் பார்த்துவிட்டு, "சுவிட்சு போயிட்டு, புதுசு போடும்வே" என்றார். அன்று ஜங்ஷனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை அடைப்பு. டாக்டரம்மாவின் அப்பா மறுநாள் காலை ஏரலுக்குப் போக வேண்டும், வண்டி கண்டிப்பாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என்னிடம் உடைப்புக்குப் போன ஒரு காரிலிருந்து கழற்றி வைத்த பழைய சுவிட்ச் இருந்தது. அதைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டினேன். அடுத்த வாரம் புதுசு வாங்கி மாற்றிவிடலாம் என்பதுதான் எண்ணம். பாயிடம் சொல்லவில்லை. சொன்னால், "வண்டி போகக்கூடாது" என்று நிற்பார்.

உள்ளே உட்கார்ந்து மிதித்தேன். "பாய், எரியுதா?" "எரியுதுவே!" வண்டி போனது.

மறுநாள் ஏரலிலிருந்து திரும்பும் வழியில், முன்னால் வாழைத்தார் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று குறுக்கே திரும்பியிருக்கிறது. சுடலைமுத்து அவசரமில்லாமல் பைய பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்திருக்கிறார். பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. டாக்டரம்மாவின் அப்பாவுக்கு வலது கை ஒடிந்தது. பெரியவர், எழுபதைத் தாண்டியவர். பார்த்தவர்கள் எல்லாரும், லாரி டிரைவரும்தான், காரில் பிரேக் லைட் எரியவேயில்லை என்றார்கள்.

காரை என் கொட்டகைக்கு இழுத்து வந்தார்கள். இடது விளக்கு நொறுங்கியிருந்தது. வலது விளக்கு முழுசாக இருந்தது. டாக்டரம்மாவே வந்து நின்றார். நான் ஏறி மிதித்தேன். வலது விளக்கு ஜோராக எரிந்தது. டாக்டரம்மா சுடலைமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்.

"பிரேக் போட்டிருந்தா லைட் எரிஞ்சிருக்கும்லா? நீ பிரேக்கே போடல. தூங்கியிருக்க. வண்டி ஆஃப் ஆகி நடுரோட்டுல நின்னிருக்கு."

"இல்லம்மா, பைய போட்டேம்மா, சத்தியமா போட்டேம்மா."

"நாளையிலருந்து வர வேண்டாம்."

சுடலைமுத்துவுக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். தூங்கி வண்டி ஓட்டினான் என்று பெயர் வந்துவிட்டால் திருநெல்வேலியில் வேறு எவன் வேலை கொடுப்பான்? அவர் என் கொட்டகை வாசலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. விளக்குதான் எரிகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாய் மறுநாள் காலை சுடலைமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினார். வண்டிக்குள் உட்காரச் சொன்னார். "செல்லையா மாதிரி மிதிக்காதீரும். அவருக்கு மெக்கானிக் காலு, உசுரைக் குடுத்து மிதிப்பாரு. நீரு அன்னைக்கு அந்த மாட்டு வண்டியப் பாத்து எப்படி மிதிச்சீரோ, அப்படி மிதியும்."

சுடலைமுத்து மிதித்தார். விளக்கு எரியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொன்னார். எரியவில்லை. முழுக் காலையும் வைத்து ஓங்கி மிதிக்கச் சொன்னார். எரிந்தது. பத்துத் தடவைக்கு மேல் இப்படியே செய்து பார்த்தார். பைய மிதித்தால் இருட்டு, ஓங்கி மிதித்தால் வெளிச்சம். சுவிட்ச் இறுகிப்போயிருந்தது. சாதாரணமாக ஓட்டுகிறவனுடைய காலுக்கு அது அசையவே இல்லை. ஒர்க்ஷாப்பில் நாங்கள் பார்க்கும்போதெல்லாம் நான் ஓங்கியே மிதித்திருக்கிறேன்.

சுடலைமுத்து இறங்கி வந்து, "நான் போட்டேன், பாய். நான் போட்டேன்" என்று அழுதார். பாய் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு, என்னைச் சுவிட்சைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் இரண்டு தடவை புரட்டினார். என்னைப் பார்த்தார்.

"புது சுவிட்சுதானவே?"

"ஆமா பாய். புதுசுதான்."

என் வாய் சொல்லிவிட்டது. அவர் சுவிட்சை என் கையில் கொடுத்துவிட்டு, "புதுசுலயும் சிலது இப்படி வரும்" என்றார். "பைய மிதிச்சுப் பாக்கச் சொல்லி நான்லா சொல்லிருக்கணும். பின்னால நின்னு எரியுதுன்னு சொன்னது நான். மிதிச்சவருக்குக் கண்ணு முன்னால இருக்கு, அவரு என்ன செய்வாரு?"

அப்படியே சைக்கிளை எடுத்தார். பின்னால் சுடலைமுத்துவை உட்காரவைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் இருந்த டாக்டரம்மா வீட்டுக்கு மிதித்துப் போனார். டாக்டரம்மாவிடம், தப்பு தன்னுடையது, தான் சரியாகப் பார்க்கவில்லை, டிரைவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா சுடலைமுத்துவைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பாயிடம், "இனிமே எங்க வண்டி எதுலயும் நீங்க கை வைக்கக் கூடாது" என்றும் சொல்லிவிட்டார். டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி வண்டிகள் எல்லாம் அதோடு பாயை விட்டுப் போயின. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு இன்னும் பல பேர் போனார்கள். மெக்கானிக் வேலைக்கு மட்டும் எல்லாரும் என்னிடம் வந்துகொண்டே இருந்தார்கள்.

திரும்பி வந்த பாயிடம், "ஏன் பாய் இப்படி?" என்று கேட்டேன். எப்படித்தான் கேட்டேனோ!

"அவனுக்கு வேலை கெடச்சிட்டு. அது போதும்வே" என்றார்.

அன்றிலிருந்து ஏழு வருஷம், பாய்க்கு எல்லாம் தெரியும் என்றே நான் நம்பியிருந்தேன். உள்ளங்கையில் வைத்தாலே சுவிட்சின் வயசைச் சொல்லக்கூடியவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் என் மானத்தைக் காப்பாற்றினார், தெரிந்துதான் மன்னித்தார் என்று வைத்துக்கொண்டேன். அவர் பெரிய மனசுக்காரர் என்று என் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், எதற்காக என்று சொல்லாமல். அந்த நம்பிக்கையில் ஏழு வருஷம் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாய்க்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. திருச்செந்தூர் ரயிலுக்காக சாயங்காலம் கேட் மூடுகிற நேரம், வேலையைப் போட்டுவிட்டு ரோட்டோரமாகப் போய் நின்றுகொள்வார். வண்டிகள் ஒவ்வொன்றாகப் பைய வந்து நிற்கும். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் கவனித்துவிட்டு, வரிசையாக நடந்துபோய்க் கண்ணாடியைத் தட்டுவார். "இடது பக்கம் எரியல." "உமக்கு ரெண்டுமே இல்ல, பாத்துப் போகணும்." ஆள் பிடிக்கிறார் என்று நினைத்துச் சிலர் திட்டுவார்கள். "உமக்கு என்னவே சோலி?" என்பார்கள். எங்கேயாவது போய்ச் சரிபண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போவார். கேட் திறந்ததும் திரும்பி வருவார். வெயிலோ மழையோ, ஒரு நாள் தப்பியதில்லை. "பாய்க்குக் கிறுக்கு முத்திட்டு" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மரித்த அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பின் எடுத்தார்கள். மேலப்பாளையத்துத் தெரு நிறைய ஆட்கள். டாக்சி ஸ்டாண்டிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். சந்தூக்குப் பெட்டியைச் சுமப்பவர்களுக்குப் பின்னால் நானும் மையவாடிவரை நடந்தேன். எல்லாரும் மூன்று பிடி மண் போட்டார்கள், நானும் போட்டேன். என் நகக்கண்ணில் இருந்த கறுப்பு கிரீசோடு மண் ஒட்டிக்கொண்டது. பள்ளிவாசல் மைக் வயரில் ஒரு இடத்தில் டேப் பிரிந்து தொங்குகிறது, பாய் பார்த்தால் சுற்றிவிடுவார் என்று தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் சுடலைமுத்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். பாயின் மனைவி இத்தா இருக்கிறார், வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது. உள் அறை வாசலில் ஒரு சீலையைத் திரையாகப் போட்டிருந்தார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்தேன். மைனி என்றுதான் எப்போதும் கூப்பிடுவேன்.

"மைனி, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "பாய்க்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லிருப்பாக. அந்த டாக்டரம்மா கார் விஷயம். அந்தப் பழைய சுவிட்சு."

"பழைய சுவிட்சா?" என்றார் மைனி.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் தொடங்கியதை நிறுத்த முடியவில்லை. கடை அடைப்பு, பெட்ரோலில் கழுவியது, உப்புத்தாள், புதுசு என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன்.

"புதுசுன்னுலா அவுக சொன்னாக" என்றார் மைனி. "'செல்லையா புது சுவிட்சு போட்டிருக்காரு, எனக்குத்தான் பாக்கத் தெரியல. என் கண்ணு தப்பிருச்சு. ஒரு பெரிய மனுஷன் கை ஒடிஞ்சு போச்சு'ன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போயிட்டாக. எத்தனை நாள் சோறு இறங்காம இருந்தாக தெரியுமா? அந்தக் கேட்டுல போயி நின்னதெல்லாம் எதுக்குன்னு நினைச்சீக? ஒரு தடவை தப்பாப் பாத்ததுக்கு, நூறு வண்டி சரியாப் பாத்துச் சொல்லணும்னு தன்னால நேந்துக்கிட்டாக."

டீக்கடையில் நானும் சேர்ந்து சிரித்தது நினைவுக்கு வந்தது.

"நூறு முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு. போதும்ங்கன்னு நானும் சொல்லிப் பாத்தேன். கேக்கல." பிறகு சொன்னார்: "இத அவுக இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா, தம்பி."

மன்னித்தேன் என்றோ மன்னிக்க மாட்டேன் என்றோ மைனி சொல்லவில்லை. உள்ளேயிருந்து யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

ஆக, பாய்க்குத் தெரியாது. உள்ளங்கையில் வைத்துப் புரட்டினாரே, கண்டிப்பாகச் சந்தேகம் வந்திருக்கும். அதனால்தான் என்னிடம் கேட்டார். நான் புதுசு என்றேன். தன் கண்ணைவிட என் வார்த்தையை நம்பினார், அவ்வளவுதான். அவர் மன்னித்தார் என்று நான் ஏழு வருஷம் வைத்திருந்த மன்னிப்பு அவர் கொடுத்ததே இல்லை. நானாக எடுத்துக்கொண்டது.

மறுநாள் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். நோயாளிகள் காத்திருந்தார்கள், நின்றபடியே கேட்டார். "இப்பம் வந்து சொல்லுதீங்களே, செல்லையா. அப்பாவும் போயிட்டாங்க, அவரும் போயிட்டாரு. யார்கிட்ட போயி நான் சொல்ல?" என்றார். நல்ல கேள்விதான்.

சுடலைமுத்துவிடம் சொன்னபோது அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமலேயே கேட்டார். "அன்னைக்கு டாக்டரம்மா வீட்டு வாசல்ல நான் பாய் கால்ல விழுந்தேன், அண்ணாச்சி. 'என் தப்புக்கு நீரு ஏம்வே விழுதீரு'ன்னு என்னைத் தூக்கிவிட்டாரு" என்றார். அதன் பிறகு என் கொட்டகைக்கு அவர் வரவில்லை. வர மாட்டார் என்றே நினைக்கிறேன்.

டாக்சி ஸ்டாண்டில் எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. அதனால் இந்த மலரில் எழுதுகிறேன். பாய் கை வைத்த வண்டியில் லைட் நிற்காது என்று பேசியவர்கள் இதைப் படிக்க வேண்டும். அந்த வண்டியில் பாயின் வயரில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் சுவிட்சில் இருந்தது, என் வாயிலும் இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் கேட் மூடுகிற மணி கேட்டது. கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, என்னையறியாமல் போய் அவர் நிற்கிற இடத்தில் நின்றேன். வண்டிகள் பைய வந்து நின்றன. ஒரு வேன், இரண்டு கார், மேலப்பாளையம் பஸ். இரண்டாவது காரில் வலது பக்கம் எரியவில்லை. போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"வலது பக்கம் எரியல" என்றேன்.

"உமக்கு என்னவே சோலி?" என்றார் அதிலிருந்தவர்.

எனக்குக் கோபம் வரவில்லை. பிறகு ரயில் போனது, கேட் திறந்தது, எல்லாரும் போய்விட்டார்கள். பாய் இதைத்தான் ஒவ்வொரு நாளும் செய்தார். செய்யாத தப்புக்காகச் செய்தார். நான் தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலரில் கடைசியாக ஆத்மா சாந்தி அடையட்டும் என்று எழுதுவார்கள். அதை மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டும். தகரச் சுவர் பக்கம் திரும்பி, வழக்கம்போலக் கத்திச் சொல்லியிருக்க வேண்டியது.

பாய், அன்னைக்கு எரிஞ்சுது. நீங்க பாத்துச் சொன்னது சரிதான். உங்க கண்ணு தப்பல. சுவிட்சு பழசு.